விளக்கு வைக்கும் நேரத்தில் திருகிய சாவி

வண்டியூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கேயும் யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை, ஆனாலும் நலம் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாமென்றால் செல்லை உன் தம்பி சிவபாண்டி சட்டைப்பையை விட்டு எடுப்பதில்லை, நான் பேசினாலும் பக்கத்திலேயே நிற்கிறான்.

பொங்கலுக்கு வந்தபோது நம் பூ வண்டியில் உன் லேப்டாப்பை மாட்டி, இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் என்னென்ன கணக்கு வைத்திருக்கிறது என்று காட்டினாயே, அன்றைக்குப் பிடித்தது இவனுக்குக் கிறுக்கு. நீ போனதும் எங்கேயோ பழைய லேப்டாப்பும், அதற்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டுகிற பெட்டியும் வாங்கி வந்துவிட்டான். டீசலைக் கூட்டிவிடுகிற மாதிரி கணக்கை மாற்றினால் மூட்டையோடு பாலம் ஏற வண்டி மூச்சு வாங்காதாம். போன வாரம் லேப்டாப்பை மாட்டி, மாற்றிய கணக்கை வண்டிக்குள் ஏற்றினான். முடியும்வரை சாவியைத் தொடக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான், அப்பாவிடம் சொல்லவில்லை. அவரைத்தான் உனக்குத் தெரியுமே, விளக்கு வைக்கிற நேரமானால் வண்டி சும்மா நின்றாலும் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட்டைப் போட்டு ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிடாமல் விடமாட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் பாட்டுக்கு ஏறிச் சாவியைத் திருகிவிட்டார். ஏறிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் அறுந்து, வண்டி செத்துப்போனது.

மறுநாள் இவன் கூட்டாளி உக்கிரபாண்டி தன் வண்டிக் கணக்கை எடுத்துக் கொடுக்க, அதை ஏற்றி உயிர் வரவழைத்தான். வந்த உயிர் நம் வண்டியுடையது இல்லை தமிழு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் சில நேரம் அதுவாக உறுமிக்கொண்டு பாய்கிறது. செவ்வாய்க்கிழமை மாட்டுத்தாவணியில் பூக் கட்டும் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பாய்ந்து, ஒரு முழம் தள்ளி நின்றதாம். கேட்டதிலிருந்து வண்டியை எடுக்காதே என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். “பழகிரும்த்தா, நீ எதுக்கு இம்புட்டு பயப்படுறே” என்கிறான். அப்பா வண்டிப் பக்கமே போவதில்லை, “நாந்தேன் கெடுத்துட்டேன்” என்று சோறு இறங்காமல் கிடக்கிறார். எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. சாவியை ஒளித்து வைத்தேன், இன்னொரு சாவி வைத்திருக்கிறான்.

நம் வண்டியின் பழைய கணக்கைப் பொங்கலன்றே எடுத்து உன் லேப்டாப்பில் வைத்ததாகச் சொன்னாய். அதை எப்படியாவது அனுப்பு. அதை ஏற்றி நீ சரி என்று சொல்லும்வரை ஓட்டக் கூடாது என்று அவனை அதட்டு. என் பேச்சு எடுபடாது, அக்கா சொன்னால் கேட்பான்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. அம்மன் உனக்குத் துணை இருப்பாள். கடிதம் கிடைத்த அன்றே போன் செய்ய மறக்காதே. நான் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் மெதுவாக ஓட்டுகிறான் என்று புதன்கிழமையிலிருந்து நானும் அவன்கூட வண்டியில் ஏறிப் போகிறேன். நாளைக்கும் போவேன்.

உன் அம்மா,
சுந்தரம்மாள்.