பன்னிரண்டு ஐந்துக்கு நீ எழுந்து போனாய்

மச்சான்,

இரண்டு ஓரங்களிலும் துளை வைத்த அந்தக் கணினித் தாள் என் மேசைமேல் கிடக்கிறது. மை மங்கிவிட்டது, மடிப்பில் கிழிந்தும் இருக்கிறது. உன்னை அடக்கிவிட்டு வந்து கால் கழுவியதும் அலுமாரியைக் கிளறி எடுத்தேன். மையவாடியில் ஒருவர் சொன்ன வார்த்தைதான் காரணம்.

எண்பதுகளின் கடைசியில் நம் நீர்ப்பாசன அலுவலகத்துக்கு அந்தக் கணினி வந்தது நினைவிருக்கிறதா? நமக்கு மின்விசிறி இல்லை, அதற்கு வெல்வெட் போர்வை! நிரந்தர ஊழியர் நான்கு பேருக்கு மட்டும் அதில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியேறினார் என்று அது குறித்துக்கொள்ளும். திங்கள்தோறும் அதை அச்சடித்து எஞ்சினியரின் மேசையில் வைப்போம். அவர் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைப்பார்.

நான் தற்காலிகம், எனக்குப் பெயர் இல்லை. ஆனால் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் முறை போடும் பட்டியலைப் பாதிக்குமேல் அடித்தது நான்தான், உன் பெயருக்குள் உட்கார்ந்து. அந்த வெள்ளிக்கிழமையும் பாங்கு கேட்டதும் நீ தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாய்.

"நான் பள்ளிக்குப் போயிற்று வாறன். மூடாம விட்டிரிக்கன், நீ என்ட பேர்லயே அடி. பின்னேரம் பட்டியல் போகணும்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. நீ திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டு வரிகளை மாற்றி அடித்துவிட்டேன். இறக்காமத்துக்குப் போகவேண்டிய தண்ணீர் பக்கத்து வாய்க்காலுக்குப் போனது. நெல் குடலை கட்டி, கதிர் தள்ளவிருந்த நேரம். நான்கு நாள் காய்ந்து, பயிர் அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் இறக்காமத்து வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானையார் சத்தம் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தார். எஞ்சினியர் முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கிவிட்டுத் தாளைப் பார்த்தார், உன்னைக் கூப்பிட்டார்.

"ஒன்பதரைக்கு நீர் உள்ள போயிரிக்கிறீர். வெளியேறினதாப் பதிவில்ல. பட்டியல் மாறினது பன்னிரண்டே முக்காலுக்கு. அப்ப இருந்தது நீர்தானே?"

அந்த நேரத்தில் நீ நற்பிட்டிமுனைப் பள்ளியில் ஜும்ஆத் தொழுகையின் இரண்டாம் வரிசையில் இருந்தாய். கேட்டால் நூறு பேர் சாட்சி சொல்வார்கள். ஆனால் நீ இல்லையென்றால் வேறு யார் என்ற கேள்வி வரும். தமிழனும் முஸ்லிமும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகத் தயங்கிய நாட்கள் அவை. நான் பாண்டிருப்புத் தமிழன், இறக்காமம் முஸ்லிம் ஊர். இறக்காமத்துத் தண்ணீரைப் பாண்டிருப்பான் மறித்தான் என்று ஒரு கதை கிளம்பினால் அது எங்கே போய் நிற்கும்?

நீ என்னைப் பார்க்கவே இல்லை. "ஓம் சேர், நான்தான்" என்றாய்.

வட்டவிதானையார் விட்டாரா? "ஜும்ஆவையும் விட்டுப்போட்டு இரிந்து எங்கட தண்ணிய மறிச்சிரிக்கார்!" என்றார். உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்றேன். 

உன்னை இறக்காமத்துக்கே மாற்றினார்கள். இரண்டு வருடம், யானை வரும் வயலோரத்துச் சிறு அலுவலகம். நான் பார்க்க வந்தபோது நீ சிரித்தாய். "இஞ்ச கடவுச்சொல் ஒண்டும் தேவையில்ல மச்சான். யானை கேக்காமலே உள்ள வரும், சொல்லாமலே போகும்." எஞ்சினியரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "கதைக்காத. முடிஞ்சிட்டு" என்றாய். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதையும் இன்று ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு நான் நிரந்தரமானேன், கணினி அறையே என் பொறுப்பில் வந்தது; பழைய கட்டுகளுக்குள் கிடந்த அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். வெளியேறிய நேரம் பதியாமல் யாரையும் கதிரையிலிருந்து எழும்ப விட்டதில்லை. பாங்கு சொன்னதும் தொப்பியோடு எழுகிறவரையும் பிடித்து உட்கார்த்தி, மூடிவிட்டுப் போகச் சொல்வேன். "உள்ள வாறது பதிஞ்சாப் போதாதா? இவருக்கு விசர்" என்று முணுமுணுத்தார்கள். உனக்கு மட்டும் காரணம் தெரியும்.

இன்று மையவாடிக்கு அந்த வட்டவிதானையாரும் வந்திருந்தார். எண்பது தாண்டிவிட்டது, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண் போட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "நல்ல மனிசன். எனக்குத் தெரிய ஒரு ஜும்ஆவத்தான் விட்டவர். அல்லாஹ் மன்னிக்கட்டும்" என்றார்.

அங்கேயும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், மச்சான்.

பேனாவை எடுத்து, இத்தனை வருடம் வெறுமையாகக் கிடந்த இடத்தில் எழுதியிருக்கிறேன்: உன் பெயருக்கு நேரே, வெளியேறிய நேரம் பன்னிரண்டு ஐந்து. அதற்குக் கீழே என் பெயர், உட்கார்ந்த நேரம் பன்னிரண்டு ஐந்து. நாளை காலை முதல் பஸ்ஸில் இறக்காமம் போகிறேன். வட்டவிதானையாருக்குக் கண் சரியாகத் தெரியாதாம், வாசித்துக் காட்டவேண்டும்.