கோழிகளுக்கு வெந்நீர்

நவம்பர் 9, ஞாயிறு

பத்து மணிக்கும் வெயில் இல்லை. புகை. துணி எதுவும் வெளியே போடவில்லை.

வேலை: மூன்று கோழிகளையும் குளிப்பாட்டுவது. இதுவரை நான் தொட்டதுகூட இல்லை, எல்லாம் இவர் பாடு. ரிட்டையர் ஆன பிறகு யாரோடும் பேசாமல் நாற்காலியில் கிடந்த மனுஷர். மகள் நித்யா ரோட்டோரம் வாங்கிவந்த குஞ்சுகள் வளர வளரத்தான் மறுபடி வாய் திறந்தார். அதனால் நானும் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

வியாழக்கிழமை நுரையீரல் டாக்டர் சொன்னது: இந்த இருமல் டெல்லிப் புகையால் மட்டும் வந்ததில்லை. வீட்டில் பறவை ஏதாவது உண்டா? இவர் இல்லை என்றார். நான் கோழி என்றேன். இறகுத் தூசி, எச்சத் தூசி உள்ளே போய்ப் போய் நுரையீரல் புண்ணாகிறதாம். மாத்திரை மட்டும் போதாது, கோழிகளை அனுப்பிவிடுங்கள் என்றார். கோல் மார்க்கெட் வரும்வரை ஆட்டோவில் இவர் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து: "அதுகள அனுப்பினா நானும் கூடப் போறேன்."

கடைசியில் ஓர் ஏற்பாடு. இவர் கிட்டே போகக் கூடாது. தீனி, கூடு, குளியல் எல்லாம் நான். கழுவிவிட்டால் தூசி ஏது? என் யோசனைதான்.

பின்பக்கம் மூன்று டப். ஒன்றில் வெந்நீரும் குழந்தை ஷாம்புவும். அடுத்ததில் வெறும் வெந்நீர். மூன்றாவதில் துளி வினிகர். மாஸ்க், பழைய நைட்டி. முதல் கோழி புஷ்பா கையைக் கொத்தியது. அடுத்தது செவலை, நழுவி ஓடி, சோப்பு நுரையோடு செடிக்குள் போய் நின்றது. இவர் சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து கண்ணாடியைத் தட்டித் தட்டி: "தலையில ஊத்தாத. இறகு போற பக்கமாத் தடவு."

மோட்டி (குண்டாக இருப்பதால் நித்யா வைத்த பெயர்) வெந்நீரில் இறங்கியதும் கண்ணை மூடித் தலையைத் தொங்கப்போட்டது. செத்துவிட்டதோ என்று பயந்துபோனேன். தூக்கம்.

நவ. 12, புதன்

ஆபீஸ். வாங்க வேண்டியது: தீனி, வாஸ்லின் (குளிருக்குக் கொண்டையில் தடவ), இவர் மாத்திரை, தக்காளி.

குருகிராமிலிருந்து நித்யா போன். "அம்மா, டாக்டர் முர்கி ஹடாவோன்னா ஹடாவோ, கோழிய அனுப்பிடு. நீ என்ன, அதுங்களுக்குப் பார்லர் நடத்துறே?"

"அப்பா பழையபடி ஊமையா உக்காந்தா நீ வந்து பாப்பியா?" என்றேன். வைத்துவிட்டாள். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

நவ. 16, ஞாயிறு

இரண்டாவது குளியல். கை பழகிவிட்டது. பின்புற இறகில் காய்ந்து ஒட்டியிருந்த எச்சத்தை ஊறவைத்து எடுத்தேன். நகம் வெட்டும்போது செவலைக்கு ரத்தம். மஞ்சள் அப்பினேன். நித்யா விட்டுப்போன ஹேர் டிரையரில் காயவைத்தால் மூன்றும் சிறகை விரித்துக் காட்டுகின்றன. மோட்டி என் முழங்கை மடிப்பில் முகத்தை வைத்துக்கொள்கிறது. எனக்கே பிடித்திருக்கிறது. இவரிடம் சொல்லவில்லை.

அதைப் பார்த்து ஜன்னலில் சிரித்தார். சிரிப்பு இருமலானது. நிற்கவில்லை. கண்ணாடியில் முகம் காணாமல் போயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தால் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

நவ. 20, வியாழன்

தலைவலி. மதியமே கிளம்பி வந்தேன். வீடு திறந்து கிடந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பின்பக்கம் போனால், கூட்டுக்குள் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார். மாஸ்க் இல்லை. மடியில் மோட்டி. அதன் கழுத்து இறகைக் கோதிக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"நீதான் கழுவி வச்சிருக்கியே. பொறவு என்ன?"

தினமும் நான் ஆபீஸ் போனதும் இதுதானாம். சுத்தமாக இருப்பதால் பயமில்லையாம். மோட்டியை வாங்கிக் கீழே விட்டு, இவரை உள்ளே கூட்டிவந்தேன்.

நவ. 22, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். நேற்றுக் காலை உதடு நீலம். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் எண்பத்து நாலு. பக்கத்து வீட்டு பிஷ்ட் காரில் கொண்டுவந்தார்.

டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக. சிலது ஆறும், சிலது தழும்பு, ஆறாது. "கோழிகள் போயாச்சா?"

"இல்லை. குளிப்பாட்டினேன்."

ஸ்கேனை உறைக்குள் வைத்தார். பிறகு மெதுவாக, குளிப்பாட்டினாலும் அந்தத் தூசி போகாது மேடம் என்றார்.

நவ. 24, திங்கள்

யார் எடுப்பார்கள்? விலங்குக் காப்பகத்தில் நாயும் மாடும்தான், கோழி கிடையாது என்றார்கள். பிஷ்ட் மனைவி: "கறிக்கடையில கொடுத்திருங்க பஹன்ஜி, அதுகளுக்குச் சேவை எதுக்கு?" கறிக்கடை வரை போனேன். வெட்டும் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இத்தனைக்கும் நாங்கள் கோழிக்கறி தின்கிறவர்கள். இவை வந்த பிறகு நிறுத்தினோம், அவ்வளவுதான்.

ஆபீஸ் டிரைவர் மகேஷுக்கு நஜஃப்கட் பக்கம் கிராமம். "ரக் லூங்கா மேடம்," என்றான். வைத்துக்கொள்வானாம். எதற்கு என்று கேட்கவில்லை.

நவ. 25, செவ்வாய்

விடுப்பு. மகேஷ் வருமுன் மூன்றையும் குளிப்பாட்டினேன். யாருக்கும் பிரயோசனமில்லை. அழுக்கோடு அனுப்ப மனம் வரவில்லை. ஜன்னலில் ஆள் இல்லாமல் ரொம்ப அமைதியாக இருந்தது. நன்றாகக் காயவைத்து, வாஸ்லின் தடவி, அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்தேன். மகேஷ் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "பாரி ஹை," என்றான். ஆமாம், கனம்தான்.

பிறகு கூட்டைப் பிரித்துப் போட்டேன். தரை முழுக்க பிளீச். கண் எரிச்சல்.

நவ. 28, வெள்ளி

வார்டில், ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டு இவர் கேட்டார்.

"கொடுத்திட்டியா?"

"ம்."

"யாருக்கு?"

"ஆபீஸ் டிரைவருக்கு. கிராமத்துல வச்சிருக்கான்."

"அறுத்துருவானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றேன். முகமூடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

டிச. 4, வியாழன்

டிஸ்சார்ஜ். வீட்டில் ஆக்சிஜன் மெஷின். குளியலறை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நித்யா லீவு போட்டு வந்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து, "அப்பா, குச் தோ போலோ. ஒரு வார்த்தை பேசுங்க," என்று கெஞ்சினாள். பேசவில்லை. சமையலறையில் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று போனில் நான் சொன்ன பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

டிச. 6, சனி

குளிர். நித்யா காலையில் போய்விட்டாள். மதியம் ரசம் சாதம் பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய். போதும் என்று கை காட்டினார். மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பார்த்தபடி:

"நீ கழுவாம இருந்தாலும் நான் கூட்டுக்குள்ள போயிருப்பேன், சாந்தி."

நான் கழுவியதால்தான் இவர் உள்ளே போனார் என்று அரித்துக்கொண்டிருந்ததை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இவருக்கு எப்படித் தெரிந்தது?

நிஜமா, எனக்காகச் சொன்னதா? கேட்கவில்லை. தட்டைக் கொண்டுபோய்க் கழுவினேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று யாரிடமும் கேட்டு வைக்கவில்லை.