உன் ராசுவும் கோயில் வாசல் குட்டிகளும்

வைகுந்தத்திலும் விடியுமுன் எழுந்து வாசல் கூட்டிக்கொண்டிருப்பாய் என்று நான் நம்புகிற என் தங்கை செண்பகத்துக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நலமா என்று உன்னைக் கேட்பது அறியாமை. அங்கே நலமல்லாதது ஏது? இங்கேதான் நலத்துக்குப் பஞ்சம். நல்லவர்களுக்குப் பஞ்சமில்லை. ராசிபுரத்தில் கால் தடுக்கி விழுந்தால் நல்லவர் ஒருவர் மேல்தான் விழ வேண்டும்.

உன் முதலாண்டுத் தெவசம் போன வாரம் முடிந்தது. அன்று மொட்டை மாடியில் நடந்ததை ஊரார் தத்தம் நாவுக்கு ஏற்பப் பொரித்தும் தாளித்தும் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். அது உன் காதுக்கு அவர்கள் வழியாக வந்து சேருமுன் என் வழியாக வருவதே முறை.

நீ போன பிறகு உன் நாய் ராசு வாயிற்கதவருகே, உன்னைக் கொண்டுபோன திசையைப் பார்த்தபடி படுத்தான். நான் வைத்த சோற்றை எனக்காகத் தின்பது போலத் தின்றான். அவனைத் தவிர இந்த வீட்டில் உன்னை நினைத்து இளைத்தவர் எவரையும் நான் காணவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். உன் காலத்தில் அவன் ஒரு பூனையையாவது மதிலேற விட்டதுண்டா? "ஏண்டா ராசு, அதென்ன உன்ற பங்கையா திங்குது?" என்று நீ அதட்டுவாய். அவன் வாலை ஆட்டிவிட்டு மீண்டும் துரத்துவான்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, நான் பெருமாள் கோயில் வாசலில் துளசி தொடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் யாரென்று நீ அறிவாய்: வடநாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை ஓட்டுகிறாரே, திருப்பணிக் கல்வெட்டில் பெருமாள் பெயருக்கு அடுத்ததாகத் தம் பெயரைச் செதுக்கிக்கொண்டாரே, அவர்தான். கல்லில் இடம்பிடித்த பெயருக்கு என் காகிதத்தில் இடமில்லை. கையில் ஒரு சாக்கு. அதைச் சுற்றுச்சுவர் ஓரம் வைத்துவிட்டுக் குழாயடியில் கை கழுவினார்.

"ஏனுங்க, சாக்குல என்னங்க?" என்றேன்.

"பூனைக்குட்டிங்க பெரியவரே. நம்ம வண்டி ஷெட்டுல போட்டிருந்துச்சு. தாய்ப்பூனை எங்கியோ போயிருந்த நேரம் பாத்து அள்ளியாந்துட்டேன். கொன்னாப் பாவமுங்க. தங்கத்துல பூனை செஞ்சு காசியில தானம் குடுக்கோணுமாமா. அதான் இங்க உட்டுட்டா நம்ம மேல வராது பாருங்க. பெருமாள் பாத்துக்குவாரு."

"பெருமாளுக்குப் பால்புட்டி புடிச்சுப் பழக்கமுங்களா?"

"உங்களுக்கு எப்பவும் குசும்புதானுங்க," என்று சிரித்துக்கொண்டே தரிசனத்துக்குப் போய்விட்டார்.

செண்பகம், சனிக்கிழமைதோறும் நான் நிகழ்த்தும் உரையில் முன்வரிசையில் அமர்பவர் அவர். தாய்ப்பூனை தன் குட்டியை வாயால் கவ்விக் காப்பதுபோல, ஏதும் செய்ய வகையறியாத உயிரை இறைவன் தானே வந்து ஏந்துகிறான் என்று நான் விரித்துரைக்கும் போதெல்லாம் கண்மூடித் தலையசைப்பவரும் அவரே. உரையிலிருந்த பூனை அவரை உருக்கியது. சாக்கிலிருந்த பூனைக்குக் கண் திறந்து சில நாளே ஆகியிருந்தது. அதற்குத் தத்துவ மதிப்பு இல்லைபோலும். தன் கையால் கொல்லாமல், மழையும் கோயில் தெருநாய்களும் கொல்லும்படி ஏற்பாடு செய்துவிட்டு, அதற்குச் சீவகாருண்யம் என்று பெயரிட இந்த ஊரில்தான் முடியும். அவர் ஒருவர் மட்டுமா? அந்தச் சுவர் ஓரத்தில் மாதந்தோறும் யாரேனும் ஒரு புண்ணியவான் ஒரு சாக்கை வைக்கிறார். ஆண்டவன் சந்நிதியைப் பாவத்தைக் கொட்டும் குப்பைமேடாகக் கண்டவர்களை நாத்திகர் என்று சொன்னால் நாத்திகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

சாக்கில் மூன்று இருந்தன. ஒன்று வீடு சேருமுன் என் மேல்துண்டிலேயே அடங்கிவிட்டது. முருங்கை அடியில் புதைத்தேன். அந்த ஒன்றுக்கான தங்கப்பூனையை யார் செய்வது? கேட்டுச் சொல்.

மற்ற இரண்டையும் கூடையிலிட்டு நாமக்கல்லுக்குப் பேருந்தில் கொண்டுபோய்க் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். பசும்பால் குட்டிகளுக்குக் கழிச்சலைத் தரும், ஊற்றாதீர்கள் என்று சொல்லிக் குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவை எழுதித் தந்தார் அந்த அம்மையார். வீட்டில் நாய் உண்டு என்றேன். முகம் பார்க்குமுன் மணத்தைப் பழக்குங்கள், பூனைக்கு ஏறிக்கொள்ள உயரத்தில் ஓரிடம் கொடுங்கள், எதையும் அவசரப்படுத்தாதீர்கள் என்றார்.

மணம் என்றதும் எனக்கு உன் பச்சைச் சேலைதான் நினைவுக்கு வந்தது. ராசு அதன்மேல்தான் படுக்கிறான். இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைக் குட்டிகளின் கூடையில் விரித்தேன். குட்டிகள் கிடந்த துணியை ராசுவின் தட்டருகே போட்டேன். உயரத்துக்கு என் புத்தக அலமாரியின் மேல்தட்டை ஒழித்துக் கொடுத்தேன். அங்கிருந்த நூல்களைத் தரையில் அடுக்க நேர்ந்தது. அவற்றில் எதுவும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

மறுப்புத் தெரிவிக்கப் பக்கத்து வீட்டுப் பாவாயி வந்தாள். உனக்குத்தான் அவளைத் தெரியுமே. உன் துக்கம் விசாரிக்க வந்து, உன் மிக்சியை விசாரித்துவிட்டுப் போனாள்.

"ஏனுங்க சாமி, பாசுரம் படிச்ச வாயில பூனைக்குத் தாலாட்டுப் பாடறீங்ளாமா? செத்த ஊட்ல பூனை சேத்தா இன்னொரு எழவு உழுவுமுங்க."

"உழுந்தா என்னுதாத்தான் இருக்கும் பாவாயி. நீ எதுக்குப் பதர்றே?"

"எனக்கென்னங்க. சோத்துல பூனை முடி உழுந்தா மூச்சு எளைக்கும், அப்பறம் ராத்திரியில எங்களத்தான் கூப்புடுவீங்க."

அவள்தான் பின்னாளில் குட்டிகளுக்கு மிளகு, சீரகம் என்று பெயரும் வைத்தாள். வெறுப்பதற்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது மனிதர்களுக்கு.

தீபாவளிக்கு உன் மகன் குமரேசன் சேலத்திலிருந்து வந்தான். லாரி புக்கிங் ஆபீசில் பத்துப் பேரை அதட்டிப் பழகிய குரல். கூடையைப் பார்த்தான், ராசுவைப் பார்த்தான், தீர்ப்பை வழங்கினான்.

"மாமா, நாயும் பூனையும் ஒரே ஊட்ல ஆவாதுங்க. குட்டிய வேணும்னா வெச்சுக்கங்க. எருமப்பட்டிப் பக்கம் நம்ம சிநேகிதன் கோழிப்பண்ணைக்குக் காவலுக்கு நாயி கேக்கறான். தெவசம் முடிஞ்சொடனே ராசுவ ஏத்தியுட்டறேன்."

"அது உங்கம்மா வளத்த நாயப்பா."

"அம்மாளே போயாச்சுங்க. அப்பறம் நாயி எதுக்கு?"

என்ன தருக்கம், பார். கோழிப்பண்ணையில் அவனுக்கு வாழ்நாளெல்லாம் கழுத்தில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் இரும்புத் தூண். உன் மடியில் தலைவைத்து உறங்கியவனுக்கு.

"தெவசத்துக்குள்ள ரெண்டும் ஒத்துமையா இருந்துட்டா?" என்றேன்.

அவன் சிரித்தான். "இருந்தா இங்கியே கெடக்கட்டும் மாமா. கடிச்சுத் தின்னுபோட்டுதுன்னா எனக்குப் போன் பண்ணி அழுவாதீங்க."

வீடு அவனுடையது. பின்கட்டில் ஓர் அறையில் ஒண்டியிருக்கும் கிழவனுக்கு அதற்குமேல் என்ன வழக்குண்டு? ஒத்துக்கொண்டேன்.

நாயும் பூனையும்போல என்று சொல்கிறார்களே, அதைச் சொல்லும் எவராவது அவை இரண்டையும் உட்கார்ந்து பார்த்ததுண்டா? பகை எங்கே இருக்கிறது தெரியுமா? நாய் வாலை ஆட்டினால் வா என்று பொருள். பூனை வாலை ஆட்டினால் போ என்று பொருள். நாய் முன்கால் தூக்கினால் விளையாட்டு. பூனை தூக்கினால் அறை. இருவரும் உள்ளதையே பேசித் தவறாகவே கேட்கிறார்கள். மனிதர்கள் ஒரே மொழியில் பேசி, சரியாகவே கேட்டு, அதன்பின் வெட்டிக்கொள்கிறார்கள். உவமை கெட்டது விலங்குகளால் அன்று.

மூடிய கதவின் இருபுறமும் தட்டு வைத்தேன். அந்தப் பக்கம் குட்டிகள், இந்தப் பக்கம் ராசு. முதலில் உறுமினான். பின்னர் கதவின் அடியில் மூக்கை வைத்து நெடுநேரம் முகர்ந்தான். உன் சேலையின் மணம் வந்திருக்க வேண்டும். கார்த்திகையில் கதவைத் திறந்து அவனைக் கயிற்றில் பிடித்தேன். மிளகு நேரே வந்து அவன் மூக்கில் ஓர் அறை விட்டது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இத்தனை காலம் உங்களோடு வாழ்ந்ததற்கு இதுதானா நீதி என்று கேட்கிற பார்வை. ஆனால் கடிக்கவில்லை. தையில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். சீரகத்துக்கு இன்றும் அலமாரி உச்சிதான் உலகம். அவனைக் கண்டால் முதுகை வளைத்துச் சீறும். அவனும் அதைச் சட்டை செய்வதில்லை. அன்பு என்று மிகைப்படுத்த மாட்டேன். ஒருவரையொருவர் இருக்கவிட்டார்கள். அதையே இந்த ஊர் இன்னும் கற்கவில்லை.

மாசியில் உன் தெவசம். குமரேசன் வந்தான், பண்ணைக்காரனின் வேனும் கூடவே வந்து வாசலில் நின்றது. மாமனின் பேச்சில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. ரிக் வண்டிப் பெரியவரும் குமரேசனின் தொழில் பழக்கத்தில் வந்திருந்தார். படையல் முடிந்து, மாடித் தரையில் காக்கைக்கு இலை விரித்தோம். நெய்ச்சோறு, வடை, பாயசம். எல்லோரும் கைகூப்பி நின்று கா கா என்று கரைந்தார்கள். காக்கை வரவில்லை. வெயில் ஏறியது. பசி ஏறியது. பக்தி இறங்கியது. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது தண்ணீர்த் தொட்டி மேலிருந்து மிளகு குதித்தது. யாரையும் மதிக்காமல் இலைக்கு வந்து நெய்ச்சோற்றில் வாய் வைத்தது.

"ஐயையோ, பூனை வாய் வெச்சுட்டுது!" என்று அலறினாள் பாவாயி. குமரேசன் துணி உலர்த்தும் கம்பை உருவினான். அதே நொடியில் படியேறி வந்தான் ராசு. கூட்டம் விலகியது.

"பாத்துக்கங்க மாமா, இப்பக் கொதறப் போவுது!"

நானும் அப்படித்தான் அஞ்சினேன், செண்பகம். சோற்றின் முன்னால் எந்த நாயும் மறு பிறவி எடுத்துவிடுகிறது. என் நாக்கில் ஒரு திருநாமம்கூட வரவில்லை.

ராசு இலையைச் சுற்றி ஒருமுறை நடந்தான். மறுமுனையில் நின்று ஒரு வடையை எடுத்தான். மிளகு தலை தூக்கி அவன் முகவாயை முகர்ந்துவிட்டுப் பாயசத்துக்குப் போயிற்று. ஒரே இலையில் இருவரும் தின்றார்கள். உறுமல் இல்லை, சீறல் இல்லை. கம்பு மட்டும் காற்றில் நின்றது.

"தீட்டாயிப் போச்சு. மறுக்கா ஆக்கோணுமுங்க," என்றாள் பாவாயி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தங்களுக்கு வேண்டிய விடை தேவைப்படும்போது மட்டும் இவர்களுக்குச் சாத்திரம் படித்தவன் நினைவு வரும்.

"குமரேசா, காக்கா வந்து தின்னிருந்தா என்னன்னு சொல்லியிருப்பே?"

"அம்மா வந்துட்டாங்கன்னு..."

"உங்கம்மா காக்காய்க்கு என்னிக்கு மொதல்ல வெச்சா? ராசுக்கு வெச்சுட்டுத்தானப்பா அவ இலைல உக்காருவா."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "நாயி செரிங்க. பூனை அபசகுனமில்லீங்களா?"

"அதக் கோயில் சுவத்தோரம் சாக்கோட உட்டுட்டுப் போனவருதான் சொல்லோணுமுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

அத்தனை முகங்களும் அவர் பக்கம் திரும்பின. அடிக்காத கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அவர் படியிறங்கினார். சாப்பிடாமலே போய்விட்டார். வீட்டுக்கு வந்தவர் பட்டினியாய்ப் போனதில் முதன்முறையாக எனக்கு வருத்தம் இல்லை.

எல்லா உயிருக்குள்ளும் ஒருவனே நின்று உண்கிறான் என்று நான் ஓதியதை நம்புகிறேன். ஆதலால் நான் சொன்னது பொய் அன்று. ஆனால் அவர்களை வாயடைக்கச் செய்தது அந்த மெய் அன்று, நீயே வந்துவிட்டாயோ என்கிற அச்சம். பக்தி விளையாத நிலத்தில் அச்சம் நன்றாக விளையும். அதை எண்ணி ஏளனமாக நின்றிருந்தபோதுதான் குமரேசன் கம்பைக் கீழே வைத்தான். இலைக்கு எதிரே குந்தினான். ராசுவின் தலையில் கை வைத்தான்; உன் மகன் அவனைத் தொட்டு நான் பார்த்தது அதுவே முதல்முறை. பிறகு எழுந்து, மாடிச் சுவரோரம் நின்று, கீழே வேனில் இருந்தவனிடம் சொன்னான்:

"நீ கெளம்பு மாப்ள. நாயி இல்ல. அம்மா ஒத்துக்கல."

குரல் உடைந்திருந்தது. அவன் அழுததை இந்த ஓராண்டில் நான் கண்டதில்லை. அவன்மேல் நான் சேர்த்து வைத்திருந்த இகழ்ச்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல், பாயசம் ஆறுகிறது, எல்லோரும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கினேன்.

அது நீதானா, செண்பகம்? கேட்கக் கூடாதுதான். நீயாக இருந்தால், வடையில் உப்புக் குறைவு, பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. நீ இல்லையென்றாலும் தின்றவர்களுக்குப் பசி இருந்தது, அது போதும்.

ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த மாசியில் மாடியில் காக்கைக்கு ஓர் இலை இருக்கும். அதற்கருகே ராசுவுக்கும் குட்டிகளுக்கும் இன்னொன்றும் இருக்கும். அதை விரிப்பது தன் வேலை என்று குமரேசன் தானாகவே சொல்லியிருக்கிறான். நான் அதுவரை இருந்தால் பக்கத்தில் அமர்ந்திருப்பேன். இல்லாவிட்டால் எனக்கும் ஒரு வடை எடுத்து வை.

உனக்கு முன்னே பிறந்தும், உனக்குப் பின்னே தங்கிவிட்ட,
உன் அண்ணன்.