இஞ்சின் இடைசெவலில் இருக்கிறது

18 ஜனவரி 2024

ஷெட்டில் பழைய காரை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, "அமுதா, இதை ஓட வைக்கப் போறேன்" என்றார் இவர். தீப்பெட்டி ஆபீஸை மகனிடம் ஒப்படைத்து ஒரு மாசம் ஆகவில்லை, அதற்குள் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. என் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலிக்கும். இன்றைக்குக் காருக்கு அடியில் படுத்துத் தவழ்ந்து எழுந்தார். ஒரு முனகல் இல்லை.

மாமனார் வாங்கிய கார். எம்.ஜி., இங்கிலாந்தில் செய்தது. கொடைக்கானல் எஸ்டேட்டை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கினாராம். இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது. கோவில்பட்டி வெயிலுக்குக் கூரை இல்லாத வண்டி! இந்தக் குடும்பத்துக்கு மூளை எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஓட வைக்கிறாராம். அதில் இஞ்சினே இல்லை.

19 ஜனவரி

நேற்று தூக்கம் வந்துவிட்டது. இஞ்சின் எங்கே? இடைசெவலில். மாமனார் இறந்து பாகம் பிரித்தபோது வீடு, ஆபீஸ், நிலம் எல்லாம் ஒரு மத்தியானத்தில் முடிந்தது. கார் மட்டும் முடியவில்லை. அண்ணனும் விடவில்லை, தம்பியும் விடவில்லை. கடைசியில் இவருடைய அண்ணன், பெரியத்தான் சங்கரபாண்டி, ஒரு செயின் கப்பியோடு வந்து, இஞ்சினைத் தூக்கி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "கார் பாடியை நீயே வச்சுக்கலே ஜெயபாண்டி. பூப்போட்டுக் கும்பிடு."

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. நல்லது கெட்டதுக்குப் போனால் ஒரே பந்தலில் ஆளுக்கொரு மூலை பார்த்து உட்காருவார்கள்.

பெரியத்தான் சம்சாரம் சுப்புத்தாய் அக்காவுக்கும் எனக்கும் ஒரு நாளும் பேச்சு நின்றதில்லை. எங்களை யாரும் பாகம் பிரிக்கவில்லை.

11 பிப்ரவரி

பெயிண்டர் சுடலைமணி வந்தார். இவர் போனில் படம் காட்டி, "இந்தப் பச்சைதான் அடிக்கணும். ரேஸ் கார் பச்சை" என்றார். சுடலைமணி படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"டிரான்ஸ்பார்மர் கலர்ல இருக்கே அண்ணாச்சி, பரவால்லயா?"

சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓட வேண்டியிருந்தது.

6 மார்ச்

வீட்டுப் புளியெல்லாம் காலி. சக்கரத்துக் கம்பிகள் பளபளக்கின்றன. என் பித்தளை விளக்கை இவர் ஒரு நாள் தொட்டுத் துலக்கியதுண்டா?

21 ஏப்ரல்

பழைய கார்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருக்கிறார். காலையில் பல் தேய்க்குமுன் அவர்களுக்கு வணக்கம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "சார், பானெட்டைத் திறந்து ஒரு படம் போடுங்களேன்" என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து இவருக்கு நெட்வொர்க் கிடைக்கவில்லை.

12 மே

இதை எழுதவா வேண்டாமா? எழுதுகிறேன்.

தெருக்கோடி வீட்டுக் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் உட்கார்ந்து படம் எடுக்க வந்தார்கள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை, புதுச் சட்டை போட்டு நின்றார். போட்டோக்காரர், "சார், வண்டியைக் கொஞ்சம் ஓட்டி முன்னால விடுங்க, நிழல் விழுது" என்றார். நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுகிற மாதிரியே சிரித்தார். கூட்டமும் சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. "அண்ணன்ட்ட இஞ்சின் கேக்கப் போறீங்களா, இல்ல தள்ளுததுக்கு நாலு பேரைச் சம்பளத்துக்கு வைக்கப் போறீங்களா?"

"அவன் வாசல்ல போய் நா நிக்கணுமாக்கும்?"

கை கழுவப் போய்விட்டார். பாதிச் சோறு இலையில். சொல்லியிருக்க வேண்டாமோ — இல்லை, யாராவது சொல்லத்தானே வேண்டும்.

9 ஜூன்

சுப்புத்தாய் அக்கா போன் பண்ணினார். "ஏட்டி அமுதா, இவிய கூத்தைக் கேளு. வெள்ளிக்கிழமையானா பருத்திக் குடோனுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிடுவாவ. சாமி கும்பிடுதாவன்னுல்லா நெனச்சேன். முந்தாநாளு எட்டிப் பாத்தா, அந்த இஞ்சினுக்கு எண்ணெ ஊத்தி, கைப்பிடியப் போட்டுச் சுத்துதாவ. விட்டா இறுகிப் போயிருமாம். கொண்டுவந்த நாள்லேருந்தே செய்யுதாவளாம்."

எனக்கு உடனே கேலி வரவில்லை. அது அபூர்வம். அங்கே ஒருவர் எண்ணெய் ஊற்றுகிறார், இங்கே ஒருவர் கம்பி துலக்குகிறார். நடுவில் அரைமணி நேர பஸ்.

ராத்திரிக்குள் கேலி திரும்பிவிட்டது. தம்பி செத்தானா பிழைத்தானா என்று கேட்காத மனுசர், இரும்பு இறுகிவிடுமே என்று கவலைப்பட்டிருக்கிறார்.

14 ஜூன்

பொய் சொன்னேன். அக்காவும் நானும் சேர்ந்து கட்டிய பொய்.

"பெரியத்தான் அந்த இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடுதாவளாம். திங்கக்கிழமை வண்டி வருதாம்."

"போடட்டும்" என்றார். தோசை ஒன்றோடு எழுந்துவிட்டார்.

15 ஜூன்

விடிந்து எழுந்தால் இவரைக் காணோம். முதல் பஸ்ஸில் போய்விட்டார்.

நடந்ததை அக்கா சொன்னார். இவர் வாசலில் நின்று, அண்ணனைப் பார்க்காமல் கதவைப் பார்த்து, "அப்பா காரு இஞ்சினை இரும்புக்குப் போடுததா?" என்றிருக்கிறார்.

"எவம்லே சொன்னது?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒன்றாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார்களாம். அக்கா மோர் எடுக்க உள்ளே போய்விட்டார்.

பெரியத்தான் குடோனைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறார். இவர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். வெண்ணெய் மாதிரி சுற்றியதாம். இவர் அழுததாக அக்கா சொல்கிறார். இவரைக் கேட்டால், "பருத்தித் தூசி."

மத்தியானம் குட்டியானை வண்டியில் இஞ்சின் வந்தது, கூடவே பெரியத்தானும். "எறக்கும்போது எதையாவது ஒடச்சிருவான்" என்று என்னிடம் காரணம் சொன்னார். வாசலிலேயே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். காரைச் சுற்றி வந்தார்.

"அப்பா காரு செவப்புல்லா?"

"செவப்பு அப்பா அடிச்சது. துரை வச்சிருந்தது பச்சை."

"எனக்குத் தெரியாதாக்கும்?"

சண்டை பிடித்துக்கொண்டே இரண்டு பேரும் ஷெட்டுக்குள் போய்விட்டார்கள். நான் கூடுதலாக ஒரு உழக்கு அரிசி போட்டேன்.

28 ஜூலை

பெரியத்தான் பாதி நாள் இங்கேதான். இவர் முறுக்கியதை அவர் கழற்றுகிறார், அவர் கழற்றியதை இவர் ஒளித்து வைக்கிறார். இன்னும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. "அம்மா அமுதா, அந்த ஸ்பானரைக் குடுக்கச் சொல்லு." ஸ்பானர் இவர் கையில், இவர் அவர் பக்கத்தில். நான் அடுக்களையிலிருந்து கத்த வேண்டும்.

29 செப்டம்பர்

ஓடியது. புகை, சத்தம், பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. முதலில் யார் ஓட்டுவது என்று மறுபடி பாகப் பிரிவினை. போகும்போது தம்பி, வரும்போது அண்ணன் என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன்.

20 அக்டோபர்

காலையில் காரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் இடைசெவலுக்குக் கிளம்பினார்கள். ஐப்பசி, மேகம் கருத்திருக்கிறது, குடை வேண்டுமா என்றேன். வெள்ளைக்காரன் குடை பிடித்தா கார் ஓட்டினான் என்றார் இவர்.

மூன்று மணிக்கு அக்கா போன். புஞ்சைக்காட்டு வழியாகக் குறுக்கே போயிருக்கிறார்கள், மழை பிடித்துக்கொண்டது. கரிசலில் சக்கரம் பாதிக்கு மேல் புதைந்து, கார் நகரவில்லை. டிராக்டர் அனுப்பச் சொல்லிப் பெரியத்தான் அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

"டிரைவர் சுடலைராஜ் கல்யாண வீட்டுக்கு மணியாச்சி போயிருக்கான்னு சொல்லிட்டேன்" என்றார் அக்கா.

"நெசமாவா?"

"இங்கனதான் டீ குடிச்சிக்கிட்டிருக்கான். மாடியிலேருந்து பாத்தா அவிய தெரியுதாவ. ஒரு உரச்சாக்கை விரிச்சு ரெண்டு பேரும் தலையில பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காவ."

"என்ன செய்யுதாவ?"

"கையை ஆட்டி ஆட்டிப் பேசுதாவ. சண்டையா என்னன்னு தெரியல. ஆனா மூஞ்சியப் பாத்துப் பேசுதாவட்டி."

சுடலைராஜுக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.