அப்பா கொண்டுவந்த மணல்

ஜூலை 14, திங்கள்

இந்த டைரி யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், எவரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம்.

இன்று நீளம் தாண்டும் குழியில் இறங்கியபோது இடது குதிகாலில் இரும்புப் பிசிறு ஏறிவிட்டது. குழியில் போட மணல் இல்லை என்று பி.டி. சார் எட்வர்ட் புலம்பியதைக் கேட்டு, அப்பாதான் தன் கம்பெனியில் இரும்பு வார்த்துக் கழித்த கறுப்பு மணலை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். பிரேயரில் ஹெச்.எம். அவருக்குச் சால்வை போட்டார். கையை எங்கே வைப்பதென்றே அப்பாவுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தெருவில் எல்லோரிடமும், "எங்க கம்பெனி மண்ணுல குதிச்சிதான் எம்பொண்ணு ஸ்டேட்டு அடிக்கப் போவுது" என்கிறார்.

அந்த மண்ணே குத்துகிறது என்று எப்படிச் சொல்வேன்?

ஜூலை 15

கண்ணாடி குத்தியது என்று பொய் சொல்லி ஊசி போட்டுக்கொண்டேன். வீக்கம் வடியவில்லை. சனிக்கிழமை குறுவட்டப் போட்டி. போன வருடம் மாவட்டத்திலேயே முதலிடம் வாங்கியவள் நான். இதில் தோற்றால் மாநிலமாவது ஒன்றாவது.

"இன்னா மோனிகா, கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்கிற? அதுக்கெல்லாம் மெடல் கெடையாதும்மா" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 16

குதிக்கவில்லை. வயிற்று வலி என்றேன்.

ஜூலை 17

ஆறாம் வகுப்பு ஜெபா இன்று குழியில் குப்புற விழுந்தாள். வாயெல்லாம் மணலோடு எழுந்து, "அக்கா, உன்ன மாதிரியே தாண்டுனேனா?" என்றாள். கண்ணுக்குக் கீழே ஒரு கீறல். சின்னதுதான். ஆனால் கண்ணுக்குக் கீழே.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சோற்றில் அவர் கை அப்படியே நின்றது.

"எந்தக் காலு? காட்டு."

பார்த்தார். "ஏங்கிட்ட சொல்றதுக்கு இன்னா கண்ணு?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. பாதிச் சோற்றில் எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "இந்நேரத்துல எங்கய்யா போற?" என்று அம்மா கத்தியதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்மேல் கோபமா? வெட்கமா? சொல்லாமலே இருந்திருக்கலாமோ? ஐயோ, அந்தப் புள்ள கண்ணு போயிருந்தா—

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா குரல்தான்.

"மோனி, தெற. சூப்பர்வைசரு கால்ல உழுந்து, மண்ணுல இரும்பு இழுக்கற காந்தத்த வாங்கியாந்துட்டேன். காலைல நானே எறங்கி மொத்தத்தையும் அலசிடறேன். சனிக்கிழம போட்டி போனா போவுது, நீ மொதல்ல கால ஆத்திக்க கண்ணு."

கதவைத் திறக்கப் போகிறேன்.