மட்டம் மாறாத ஊற்று

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? வேலை, வேலை என்று அக்காவை மறந்தே போனாய்.

நம் ஊற்று இறங்கிவிட்டது. கீழ்ப்படி காய்ந்து வெடித்திருக்கிறது. என் நர்சரிச் செடிகளுக்கு இப்போதெல்லாம் குடத்தில் சுமந்து ஊற்றுகிறேன். தண்ணீர் கம்பெனி போட்ட ஆழ்துளைப் போர்தான் காரணம் என்று தெருவே பேசுகிறது. நான் விடுவேனா? "என் தம்பி கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பார்த்துட்டான், போர் போட்டாலும் ஊத்து குறையாது, மழைதான் கம்மி" என்று வாயை அடைத்துவிட்டேன். சரிதானே?

உன் அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஊற்று ஏறுவதும் இறங்குவதும் சகஜம். மழை வந்தால் சரியாகும். தூக்கிச் சுமந்து இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தம்பி

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

நாலு வரிதான் எழுதுவாயா? தந்திக்குக்கூட இவ்வளவு கஞ்சத்தனம் கிடையாது.

சலவைக்கடை அண்ணனோடு பேச்சு நின்றுபோனது. "உன் தம்பி பேப்பர்ல தண்ணி ஓடுது, என் தொட்டியில ஓடலையேம்மா" என்றார். "படிச்சவனைவிட உங்களுக்கு ரொம்பத் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது.

இரண்டாவது போருக்கு அனுமதி கேட்கிறார்கள். மாதக் கடைசியில் நகர மன்றத்தில் கூட்டம். முதல் போருக்கு நீ கணக்குப் போட்டு எழுதிய அறிக்கையைத்தான் வாசிப்பார்களாம். முன் வரிசையில் உட்காரப்போகிறேன்.

பெருமையுடன்,
உன் அக்கா

ஜூலை 9

அக்கா,

கூட்டத்தில் அந்த அறிக்கையை வாசிக்க விடக்கூடாது. அது தப்பு.

நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது, எல்லா இடத்திலும் மட்டம் ஏறி இறங்க விடவேண்டும். நம் ஊற்றை மட்டும் மாறாத மட்டம் என்று கட்டிப்போட்டேன். அப்புறம் போர் எவ்வளவு இழுத்தாலும், கணினி எங்கிருந்தோ தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றை நிரப்பிக் காட்டியது. குறையாது என்று நான் கண்டுபிடிக்கவில்லை. நானே முதலில் சொல்லிக்கொடுத்ததை அது திருப்பிச் சொன்னது.

வேறு ஊற்றாக இருந்தால் ஆள் அனுப்பி அளந்திருப்பேன். நம் ஊற்று இறங்கி நான் பார்த்ததே இல்லை. இறங்கும் என்று தோன்றவே இல்லை.

உன் முதல் கடிதம் வந்த அன்றே அந்தக் கணக்கைத் திறந்து பார்த்துத் தப்பைக் கண்டுவிட்டேன். தெரிந்துகொண்டேதான் மழை என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது அக்கா. ஆபீஸ் கண்ணாடியில்கூட முகம் பார்க்கப் பிடிக்கவில்லை. கூட்டத்துக்கு வந்து நானே சொல்லட்டுமா? உன் பேரும் சேர்ந்து கெடும்.

தம்பி

ஜூலை 14

தம்பி,

படித்ததும் சலவைக்கடைக்குப் போனேன். வாசலில் நின்றே, "நான் பேசுனது தப்புண்ணே" என்றேன். "உள்ள வாம்மா" என்றார். தலைகுனிந்து திரும்பிவிட்டேன்.

உன்மேல் கோபம்தான். தப்பாகப் போட்டதற்கு இல்லை. தெரிந்த பிறகும் ஒரு மாதம் என்னைத் தெருவோடு சண்டை போட விட்டாயே, அதற்கு.

வா. சொன்னபடி முன் வரிசையில் இருப்பேன். ஆனால் முதலில் வீட்டுக்கு வராதே. வாடிய உன் முகத்தைப் பார்த்தால், "போகட்டும் விடுடா, நீ எதுக்குச் சொல்லணும்" என்று நானே தடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே மன்றத்துக்குப் போ. எல்லார் முன்னாலும் சொல்.

சொன்ன பிறகு என்னோடு வீட்டுக்கு வா.

அக்கா