நான்காம் நிமிடத்து வாக்கு

மார்ச் 9, 2024, சனி

தம்பி சிவேந்திரன் மதியம் சாப்பிட வந்தான். போகும்போது என் கைப்பேசியில் ‘கல்வெட்டு’ என்றொரு தளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். பிளாக்செயினில் ஓடும் வலைப்பதிவுத் தளமாம். எழுதுகிறவருக்கு மட்டுமல்ல, படித்துவிட்டு வாக்குப் போடுகிறவருக்கும் டோக்கன் எனும் மின்பணத்தில் பங்கு உண்டு. நல்ல பதிவை மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துப் போட்டால் பங்கு கூடும். அப்படிப் போடுகிறவருக்குத் தேர்வாளர் என்று பெயர்.

“அக்கா, நீ சும்மாவே படிக்கிற ஆளு. படிக்கிறதுக்குக் குடுக்கிறாங்க, வாங்கிக்க லா” என்றான்.

நாற்பத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறேன். சனிக்கிழமைகளுக்கு ஏதாவது வேண்டும்தான்.

மார்ச் 17, ஞாயிறு

ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன்! கேரி தீவிலிருந்து வள்ளியம்மா என்று ஒரு பெண். எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் வேலை. தாய்மார்கள் வேலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். பேசமாட்டாமல் இருந்த மூன்று வயதுப் பிள்ளை ஒருநாள் லோரியைப் பார்த்து “போ” என்று சொன்னதை எழுதியிருந்தார். அவ்வளவுதான் கதை. ஆனால் இரண்டு முறை படித்தேன்.

எந்த இடம் பிடித்தது என்று ஒரு பத்தி எழுதிப் போட்டேன். உடனே பதில்: “ஜனகா, நீங்க கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்கீங்க. இது போதும்.”

ஏப்ரல் 20, சனி

வள்ளியம்மா இந்த வாரம் இரண்டு பதிவு. இரண்டுக்கும் எழுதினேன். “உங்க பின்னூட்டத்துக்காகத்தான் எழுதுறேனோன்னு சந்தேகமா இருக்கு” என்கிறார். எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

மே 18, சனி

நான் வேலை செய்யும் காப்புறுதி அலுவலகத்தில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள், அவர்கள் கோப்புகளும் என் மேசையில். படிக்க நேரமில்லை. சிவேந்திரன் ஒரு செயலி எழுதிக் கொடுத்தான். நான் குறித்து வைத்த பன்னிரண்டு பேர் எப்போது பதிவிட்டாலும் நான்காம் நிமிடத்தில் என் வாக்கு தானாக விழும். கூடவே ஒரு வரிப் பாராட்டும் போகும்.

“எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க அக்கா. நீ மெதுவா அப்புறம் படிச்சுக்க.”

சரிதான். அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

ஜூன் 9, ஞாயிறு

தமிழ்த் தேர்வாளர் பட்டியலில் மூன்றாம் இடம்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு முறை திறந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

வள்ளியம்மாவின் பெயரைப் பார்த்துக் கொஞ்ச நாளாயிற்றே என்று அவர் பக்கத்தைத் திறந்தேன். கடைசிப் பதிவு ஜூன் 23. தலைப்பு, ‘யாரைக் கேட்கிறது’.

மார்பில் ஒரு கட்டியாம். இரண்டு மாதமாம். கணவருக்கு லோரியில் கால் அடிபட்டு வேலையில்லாமல் இருக்கிறாராம், இப்போது போய் இதைச் சொல்ல மனமில்லையாம். முடிவில் இப்படி: “படிக்கிறவங்க யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே போய்க் காட்டவா, அவருக்குக் கால் சரியாகுற வரைக்கும் பொறுக்கவா? நீங்க என்ன சொன்னாலும் கேட்பேன்.”

நாற்பத்தொரு வாக்கு. முதல் வாக்கு என்னுடையது.

பின்னூட்டம் ஒன்றே ஒன்று. “அருமை! தொடர்ந்து எழுதுங்கள்.” அதுவும் என்னுடையது.

அழிக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிவேந்திரனைக் கூப்பிட்டேன். “அங்க ஏறினது ஏறினதுதான் அக்கா. யாராலயும் அழிக்க முடியாது, அதுக்குத்தானே கல்வெட்டுன்னு பேரு.” அவனிடம் கத்திவிட்டேன். அவன் என்ன செய்வான்? குறித்துக் கொடுத்தது நான்தானே.

ஆகஸ்ட் 14, புதன்

வள்ளியம்மாவுக்கு மூன்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

காரை எடுத்துக்கொண்டு கேரி தீவுக்கே போனேன். பாலம் தாண்டி ஒரு மளிகைக் கடையில் கேட்டதும் வழி சொன்னார்கள். வாசலில் ஊன்றுகோலோடு ஒருவர். அய்யாவு, வள்ளியம்மாவின் கணவர்.

“அவ கிள்ளான் ஆஸ்பத்திரில இருக்கா. போன மாசம் கொட்டகையில மயங்கி விழுந்துட்டா. நீங்க யாரும்மா?”

“அவங்க எழுதுறதப் படிக்கிறவ.”

“எழுதுறாளா? ஃபோன்ல எதையோ பாத்துக்கிட்டு இருக்கான்னுல்ல நெனச்சேன்.”

படிக்கிறவள். எந்த வாயால் சொன்னேன்?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பார்த்தேன். மெலிந்து, தலையில் துணி சுற்றி, கண் மட்டும் பெரிதாக.

“ஜனகாவா? வாங்க, உக்காருங்க. எவ்ளோ தூரம் வந்திருக்கீங்க!”

உட்காராமலே சொன்னேன். செயலியைப் பற்றி, படிக்காததைப் பற்றி, எல்லாம்.

“தெரியும் லா” என்றார். “நாலு நிமிசத்துல அதை யாரால படிக்க முடியும்? ஆனா உங்க பேரு வந்ததும் ஓடிப்போயி பாத்தேன். அதப் பாத்துட்டு, சரி, இது பெரிய விசயமில்ல போலன்னு ஃபோன வச்சுட்டேன்.”

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நோய் ஈரலுக்குப் போய்விட்டதாம். முன்பே வந்திருந்தால் என்று ஒரு தாதி பேச்செடுத்தாராம், வேண்டாம் என்று இவரே நிறுத்திவிட்டாராம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

செயலியை நீக்கினேன். பன்னிரண்டு பேரின் மூன்று மாதப் பதிவுகளையும் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். பழைய பதிவுக்கு வாக்குப் போட்டாலும் இனி பங்கு கிடையாது, நாள் கடந்துவிட்டது. படிக்கிறேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்றும் கிள்ளான். நான் போகும் ஞாயிறுகளில் வள்ளியம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். இன்று நான்கு வரிதான் வந்தது. “நான் என்ன எழுதுறேன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. கேட்டா படிச்சுக் காட்டுங்க. எல்லாத்தயும்” என்றார்.

அக்டோபர் 26, சனி

வள்ளியம்மா போய்விட்டார். தீபாவளிக்கு ஐந்து நாள்.

நவம்பர் 24, ஞாயிறு

அய்யாவு அண்ணன் கிள்ளானில் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துச் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, வீடு விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் அவர் மனைவியின் கைப்பேசி.

“மூணாம் வகுப்போட நின்னுட்டேன்மா. லோரி நம்பர், ரோட்டுப் பலகை, அவ்ளோதான் வரும். அவ என்ன எழுதினான்னு கேக்கணும்.”

ஆறு பதிவு படித்தேன். ஓரிடத்தில் சிரித்தார். ஓரிடத்தில், “அது அப்பிடி நடக்கல, இவ கூட்டிச் சொல்றா” என்றார். மாலை ரயிலுக்குப் போனார்.

டிசம்பர் 15, ஞாயிறு

அய்யாவு அண்ணன் வரும் நான்காவது ஞாயிறு. இன்று ‘யாரைக் கேட்கிறது’ பதிவு. தாண்டிப் போயிருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. தாண்டவில்லை. “எல்லாத்தயும்” என்றுதானே வள்ளியம்மா சொன்னார்.

முடித்ததும், “ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலயா?” என்றார் அய்யாவு அண்ணன்.

என் பெயரையும் அந்த ஒரு வரியையும் படித்துக் காட்டினேன். எப்படி வந்தது என்றும் சொன்னேன்.

கைப்பேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தேநீரைத் தொடவில்லை. லிப்ட் வரை கூடப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

வரவில்லை. வரமாட்டார்.

டிசம்பர் 29, ஞாயிறு

பதினொரு மணிக்குக் கதவு தட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து, காலை மெல்ல நீட்டிக்கொண்டார்.

“நீங்க செஞ்சத என்னால மறக்க முடியாதும்மா. ஆனா ஒரே வீட்டுல பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ‘என்ன புள்ள எழுதுற’ன்னு நான் ஒருநாளும் கேக்கலயே.”

கைப்பேசியை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

“மொதல்ல இருந்து படிங்க. மெதுவா.”